பழைய தூசுறிஞ்சிகளைச் சேகரித்தல்



முத்திரை சேகரிப்போரையும் பழைய நாணயங்களைச் சேகரிப்போரையும் நாம் நன்கறிவோம். ஏட்டுச் சுவடிகளையும் குத்துவிளக்குகளையும் தேடித் தொகுப்போரும் நம்மிடையே உளர். அவர்களை நாம் மதிக்கின்றோம். ஆனால், வீடு கூட்டுவதற்குப் பயன்பட்டுத் தேய்ந்துபோன பழைய மின்னியந்திரங்களை ஒருவர் ஊரூராகத் தேடிச் சேகரிக்கின்றார் என்று கேள்வியுற்றால் நமக்குச் சிரிப்பு வருகின்றது. விளக்குமாற்றை யாராவது பெட்டகத்தில் வைத்துப் பூட்டுவார்களா என்று கேட்கத் தோன்றுகின்றது. நானும் அவ்வாறு சிரித்தவனே. அச்சிரிப்பு எவ்வாறு அடங்கியது என்பதை இன்று உங்களுக்குக் கூற விரும்புகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் விடுமுறைக் காலத்தில், இலண்டன் மாநகரின் மேற்குப் பகுதியில் வாழும் என் தமக்கையார் வீட்டிற்குச் சென்றிருந்தேன். அல்பேட்டன், வெம்பிளி முதலிய அப்பகுதிகளில் நம்மவர் பெருந்தொகையினராக வாழ்கின்றனர். அங்கிருந்து சிறிது தொலைவில், பெரிவேல் என்னுமிடத்தில், நெடுஞ்சாலையோரமாக வெண்ணிறமான நீண்ட கட்டடமொன்று அரண்மனை போல நிற்கின்றது. தமக்கையாரின் கணவருடன் அவ்வழியே சென்றபோது, "அத்தான், இது எந்தப் பிரபுவின் மாளிகை?" என்று கேட்டேன். "பிரபுவும் இல்லை, மாளிகையும் இல்லைத் தம்பி. வீடு கூட்டும் மெஷின் செய்த தொழிற்சாலை இது" என்று அவர் சிரித்தார்.

அஃது உண்மையே. 1933ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட ஹூவர் தொழிற்சாலை அது. இரண்டாம் உலகப் போரின்போது அங்கே விமானங்களுக்கான உறுப்புகள் செய்யப்பட்டன. 1980களில் உற்பத்தி நின்றது. 1992இல் அதன் ஒரு பகுதி பேரங்காடியாயிற்று; பின்னர் முன்புறக் கட்டடம் குடியிருப்பு மனைகளாக மாறியது. தூசியை உறிஞ்சும் ஓர் இயந்திரத்திற்காக இத்துணை எழிலான கட்டடத்தை எழுப்பினார்களே என்று நான் வியந்தேன். அவ்வியப்பைக் கண்ட அத்தான், "இதற்கே வியக்கின்றீர், எங்கள் அயல்வீட்டாரின் கொட்டகையைப் பார்த்தால் என்ன சொல்வீரோ" என்றார்.

அன்று மாலையே அங்கு சென்றோம். அயல்வீட்டார் ஓய்வுபெற்ற ஓர் ஆங்கிலேயர். வீட்டின் பின்புறத்து மரக்கொட்டகையில் ஏறக்குறைய நாற்பது தூசுறிஞ்சிகளை வரிசையாக நிறுத்தியிருந்தார். ஒவ்வொன்றின் கைப்பிடியிலும் சிறு அட்டை தொங்கியது. செய்யப்பட்ட ஆண்டு, கிடைத்த இடம், முன்னர் வைத்திருந்தவர் யார் என்னும் விவரங்கள் அவ்வட்டையில் எழுதப்பட்டிருந்தன. இப்பொழுதுபோக்கு அவர் ஒருவருக்கே உரியதன்று. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இத்தகையோர் பலர் உளர்; அமெரிக்காவிலே 1980களிலேயே அவர்களுக்கென ஒரு சங்கமும் தோன்றிவிட்டது.

இவ்வியந்திரம் எவ்வாறு பிறந்தது என்பதை முதலிற் காண்போம். இளநீரைக் குழாய் வைத்துக் குடிக்கும் குழந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். வாயினுள்ளே காற்றின் அழுத்தம் குறைகின்றது. வெளியேயுள்ள காற்று இளநீரைக் குழாயினூடாக மேலே தள்ளுகின்றது. தூசுறிஞ்சியில் நிகழ்வதும் இதுவே. சுழலும் விசிறி உள்ளே அழுத்தத்தைக் குறைக்கின்றது. வெளிக்காற்று விரைந்து உட்புகும்போது தூசியையும் வாரிக்கொண்டு வருகின்றது. இடையில் உள்ள துணிப்பை காற்றைப் போகவிட்டுத் தூசியைப் பிடித்துக்கொள்கின்றது. கேட்பதற்கு எளிது. ஆயினும் இவ்வெளிய எண்ணத்தை அடைய மனிதருக்கு நெடுங்காலம் ஆயிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே அமெரிக்காவில் சிலர் செய்த இயந்திரங்கள் காற்றை ஊதித் தூசியைக் கிளப்பின. அத்தகைய ஒன்றை இலண்டனில் இயக்கிக் காட்டியபோது, ஹியூபேட் செசில் பூத் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர் அதனைப் பார்த்தார். பாலங்களையும், பெருநகரங்களில் மக்கள் ஏறிச் சுற்றும் இராட்சதச் சக்கரங்களையும் அமைக்கும் பணியில் ஈடுபட்டவர் அவர். ஊதுவதற்குப் பதிலாக உறிஞ்சினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. பின்னர் ஓர் உணவுச்சாலையில் அமர்ந்திருந்தபோது, நாற்காலியின் மெத்தை மீது கைக்குட்டையை விரித்து, அதன்மேல் வாயை வைத்து உறிஞ்சினாராம். இருமலால் மூச்சுத் திணறியது. ஆயினும் கைக்குட்டையின் அடிப்புறத்திலே தூசி கருமையாகப் படிந்திருந்ததைக் கண்டு மகிழ்ந்தாராம்.

1901ஆம் ஆண்டில் அவர் உரிமைப்பத்திரம் பெற்றார். அவருடைய இயந்திரம் வீட்டினுள்ளே நுழையக்கூடியதன்று. குதிரைகள் இழுத்துவரும் பெரிய வண்டி அது. வண்டி தெருவிலே நிற்கும்; அதிலுள்ள எஞ்சின் இரையும்; நீண்ட குழாய்கள் யன்னல்கள் வழியாக வீட்டினுள்ளே செல்லும். அவ்விரைச்சலால் தெருவிற் செல்லும் குதிரைகள் மிரள்கின்றன என்று முறைப்பாடுகளும் எழுந்தன. 1902இல் ஏழாம் எட்வேட் மன்னரின் முடிசூட்டு விழாவுக்காக வெஸ்ட்மினிஸ்டர் தேவாலயத்தின் கம்பளங்களைத் துப்புரவு செய்ததும் இவ்வியந்திரமே. செல்வர் வீடுகளிலே விருந்தினரை அழைத்து, தூசி உறிஞ்சப்படும் காட்சியைக் காட்டி மகிழ்ந்த காலமும் ஒன்று இருந்தது.

இத்தகைய இயந்திரத்தை ஒருவர் கையிலே பிடித்துத் தள்ளக்கூடிய சிறு கருவியாக்கிய பெருமையில் முதன்மையான பங்கு அமெரிக்காவிலுள்ள ஓகையோ மாநிலத்தவரான ஜேம்ஸ் மறி ஸ்பாங்கிளர் என்பவருக்கு உரியது. நேயர்களே, இவர் பொறியியலாளருமல்லர், செல்வருமல்லர். கன்ரன் நகரிலே ஒரு பெரிய கடையில் இரவிலே கூட்டித் துடைக்கும் வேலையாளர். தொய்வு நோயினால் வருந்தியவர். கம்பளங்களைக் கூட்டும்போது எழுந்த தூசி அவருடைய மூச்சை அடைத்தது. வேலையை விட்டால் உணவில்லை. வேலையைச் செய்தால் மூச்சில்லை. இந்நிலையிலே அவர் ஒரு மின்விசிறியின் மோட்டாரையும், ஒரு பெட்டியையும், விளக்குமாற்றுத் தடியொன்றையும், தலையணை உறையையும் இணைத்துத் தமக்கென ஒரு கருவியைச் செய்துகொண்டார். 1908ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அதற்கு உரிமைப்பத்திரம் கிடைத்தது.

தொழிலைப் பெருக்குவதற்கு அவரிடம் முதலில்லை. அவருக்கு அறிமுகமான சூசன் ஹூவர் என்னும் அம்மையார் அக்கருவியின் பயனை உணர்ந்தார். அவருடைய கணவர் வில்லியம் ஹூவர் குதிரைச் சேணம் முதலான தோற்பொருள்கள் செய்யும் தொழிலை நடத்தியவர். மோட்டார் வண்டி வந்தபின் சேணத்திற்கு எதிர்காலமில்லை என்பதை அறிந்திருந்த அவர், உரிமையை வாங்கிக்கொண்டார். ஸ்பாங்கிளரும் அந்நிறுவனத்திலே தொடர்ந்து பணியாற்றி 1915இல் காலமானார். இன்று ஆங்கிலேயர் தூசுறிஞ்சியால் துப்புரவு செய்வதை 'ஹூவர் செய்தல்' என்றே பேச்சுவழக்கிற் கூறுகின்றனர். முதலிட்டவரின் பெயர் ஒரு வினைச்சொல்லாகவே நிலைத்துவிட்டது. மூச்சடைத்து இருமியவரின் பெயரை அறிந்தவர் சிலரே.

இனி, சேகரிப்போர் எவற்றைத் தேடுகின்றனர் என்பதைக் கூறுகின்றேன். கொட்டகையில் நான் கண்டவற்றுள் இருபெருங் குலங்கள் இருந்தன. ஒன்று, நிமிர்ந்து நிற்கும் தடியோடு முன்னே தள்ளப்படுவது, ஸ்பாங்கிளரின் வழிவந்தது. மற்றது, நிலத்திலே படுத்துக்கிடக்கும் உருளையோடு நீண்ட குழாய் பொருத்தப்பட்டது. சுவீடன் நாட்டு எலெக்றோலக்ஸ் நிறுவனம் 1921இல் வெளியிட்ட ஐந்தாம் மாதிரி, சறுக்குக்கட்டைகளின்மேல் உருளையைக் கிடத்தி இவ்வடிவத்தை உலகெங்கும் பரப்பியது. 1926இல் ஹூவர் நிறுவனத்தார் தமது எழுநூறாம் மாதிரியிலே, தூரிகையோடு உலோகத் தண்டுகளையும் சுழலச்செய்து கம்பளத்தைத் தட்டி அதிர்வித்து உள்மணலை வெளிக்கொணரும் முறையைப் புகுத்தினர். 1936இல் வந்த நூற்றைம்பதாம் மாதிரிக்கு ஹென்றி டிறைபஸ் என்னும் புகழ்பெற்ற வடிவமைப்பாளர் பேக்கலைற்று மூடியமைத்து அழகு சேர்த்தார். 1950களின் நடுப்பகுதியிலே, வெளியேறும் காற்றின்மேலேயே மிதந்து செல்லும் உருண்டை வடிவமான இயந்திரமும் வந்தது. அதற்குச் சில்லுகளே இல்லை.

ஒரு பழைய தூசுறிஞ்சியின் வயதை அறிவதற்கு முதலிற் பார்க்கவேண்டியது அடியிலே பொருத்தப்பட்ட உலோகத் தகடு. தொடரிலக்கம், உரிமைப்பத்திர இலக்கம், வோல்ற்றளவு ஆகியவை அதிற் பொறிக்கப்பட்டிருக்கும். அவ்வோல்ற்றளவு ஒரு நாட்டின் வரலாற்றையே கூறும். முற்காலத்து இங்கிலாந்திலே மின்சாரம் நகருக்கு நகர் வேறுபட்டது. சிலவிடங்களில் நேரோட்டம், சிலவிடங்களில் ஆடலோட்டம். ஊர் மாறிக் குடிபோனவர் தம் இயந்திரத்தை அங்கே பயன்படுத்த முடியாமற் போனதும் உண்டு. பல வீடுகளில் விளக்குக்கு மட்டுமே மின்னிணைப்பு இருந்தமையால், மின்குமிழைக் கழற்றிவிட்டு அவ்விடத்திலேயே தூசுறிஞ்சியின் கம்பியைப் பொருத்தினர். அத்தகைய பழைய செருகியோடு கூடிய இயந்திரத்தை என் கையிலே தந்தபோது, மங்கிய அறையிலே ஒரு பெண் நாற்காலி மீதேறி நின்று குமிழைக் கழற்றும் காட்சி என் கண்முன் வந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் கூறவேண்டும். பழைய இயந்திரத்தைக் கண்டவுடன் மின்னிணைப்பிற் செருகுதல் பேராபத்து. கம்பியின்மேலுள்ள றப்பர் காலத்தால் உக்கிப் பொடியாகியிருக்கும். உலோக உடல் கொண்ட பழைய இயந்திரங்கள் பலவற்றுக்கு நிலத்தொடுப்பு இல்லை. அமெரிக்க இயந்திரத்தை நமது 230 வோல்ற்று மின்சாரத்தில் நேரே இணைத்தால் அது கணத்திற் கருகிவிடும். தகுதியுள்ள மின்வினைஞர் ஒருவர் சோதித்தபின்னரே இயக்குதல் வேண்டும்.

அப்பெரியவரின் சேகரிப்பிலே என்னை மிகவும் கவர்ந்தது அவர் வைத்திருந்த தடித்த கொப்பி ஒன்றே. அதில் அவர் தம் இயந்திரங்களை ஒப்பிட்டு எழுதியிருந்தார். ஒரே கம்பளத் துண்டு; நிறுத்தெடுத்த ஒரே அளவான மணலும் மாவும்; அவற்றைக் கம்பளத்தினுள்ளே அழுத்த ஒரே உருளை; முன்னும் பின்னுமாக ஒரே எண்ணிக்கையான தள்ளல்கள். பின்னர்க் கம்பளத்தை நிறுத்து, எவ்வளவு எஞ்சியது என்று குறிப்பார். ஒரு காரணியை மட்டும் மாற்றி ஏனையவற்றை மாற்றாதிருத்தல் என்று நாம் வகுப்பிலே கற்பிக்கும் பரிசோதனை முறை அந்த மரக்கொட்டகையிலே பிசகாது நடைபெற்றது.

முடிவுகள் எதிர்பார்த்தவாறு அமையவில்லை. கம்பளத்தினுள் ஆழப்புகுந்த மணலை எடுப்பதில், தட்டுந்தண்டு கொண்ட 1930களின் இயந்திரம், அதனைவிடப் பன்மடங்கு மின்சாரம் உண்ணும் பிற்கால உருளையொன்றை வென்றிருந்தது. வற்று எண்ணிக்கை உயர்ந்தால் துப்புரவும் உயரும் என்பது விற்பனையாளர் வளர்த்த மயக்கம். வற்று என்பது இயந்திரம் உட்கொள்ளும் சக்தியின் அளவே. செய்யும் வேலையின் அளவன்று. ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் தூசுறிஞ்சிகளுக்கு 1,600 வற்று என்றும், 2017இல் 900 வற்று என்றும் உச்சவரம்பு விதித்தது இதனாலேயே. ஆனால் கம்பளமற்ற வெறுந்தரையிலும், படிக்கட்டிலும், கட்டிலின் அடியிலும் உருளையே முந்திற்று.

பையினைப் பற்றியும் அவர் குறித்திருந்தார். பையின் நுண்துளைகளைத் தூசி அடைக்க அடைக்க உறிஞ்சும் வலிமை குறைகின்றது. இக்குறையை நீக்க முனைந்த ஜேம்ஸ் டைசன் என்னும் ஆங்கிலேயர், காற்றைச் சூறாவளி போலச் சுழற்றித் தூசியைப் பிரிக்கும் முறையைக் கையாண்டு, 5,127 மாதிரிகளைச் செய்து பார்த்ததாகக் கூறுகின்றார். அவருடைய பையில்லா இயந்திரம் 1993இல் பிரித்தானியச் சந்தைக்கு வந்தது.

பழைய இயந்திரங்கள் படுதோல்வியடைந்த இடமும் ஒன்றுண்டு. மாலை வெயில் யன்னல் வழியாக விழும்போது அவர் பழைய இயந்திரமொன்றை இயக்கிக் காட்டினார். துணிப்பையிலிருந்து நுண்ணிய தூசி புகைபோல வெளியேறி ஒளிக்கற்றையிலே மிதந்தது. கண்ணுக்குத் தெரியும் அழுக்கை நிலத்திலிருந்து எடுத்து, கண்ணுக்குத் தெரியாத அழுக்கை மூச்சுக்காற்றிலே கலந்தது அது. தொய்வு நோயாளி ஒருவர் தம் மூச்சைக் காக்கச் செய்த கருவியின் வழித்தோன்றலே இவ்வாறு செய்தது. இன்றைய நல்ல இயந்திரங்களிலுள்ள மிகநுண் வடிகட்டிகள், 0.3 மைக்குரோன் அளவான துகள்களிற் பதினாயிரத்துக்கு 9,997 வரை தடுத்து நிறுத்த வல்லவை. இத்துறையில் நிகழ்ந்த மெய்யான முன்னேற்றம் இதுவே என்று எனக்குத் தோன்றுகின்றது.

இவ்வாறு பார்த்துக்கொண்டு வந்தபோது, மூலையிலே நிறம் மங்கிய சிறிய இயந்திரமொன்றைக் கண்டேன். ஏனையவை மினுக்கப்பட்டிருக்க, அது மட்டும் மினுக்கப்படாதிருந்தது. அதன் கைப்பிடியின் ஒரு பக்கத்திற் பூச்சு முற்றாகத் தேய்ந்திருந்தது. அது தம் தாயாருடையது என்றார் அப்பெரியவர். தாயார் பிறர் வீடுகளைத் துப்புரவு செய்து பிள்ளைகளை வளர்த்தவர். ஒரு வீட்டார் புதியது வாங்கியபோது பழையதை அவருக்குக் கொடுத்தனராம். தேய்ந்த அவ்விடம் தாயாரின் கைபட்ட இடம் என்பதால் அதற்குப் பூச்சுப் பூச அவருக்கு மனம் வரவில்லை.

"இதனையும் பரிசோதித்தீர்களா?" என்று கேட்டேன். கொப்பியைத் திறந்து காட்டினார். நாற்பதுள் கடைசியிலிருந்து மூன்றாம் இடம். அதனை அப்படியே எழுதியிருந்தார். இத்துணை மோசமான கருவியை வைத்துக்கொண்டு தம் தாயார் இத்தனை வீடுகளை எவ்வாறு துப்புரவு செய்தார் என்பதை அந்த எண்ணைக் கண்ட பின்னரே தாம் உணர்ந்ததாகச் சொன்னார். அன்பினாற் பொய்யெண் எழுதியிருந்தால் தாயாரின் உழைப்பை அவர் அறிந்திருக்கவே மாட்டார். இதனைக் கேட்டபின் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இவ்வியந்திரங்கள் பெண்களின் சுமையைக் குறைத்தனவா என்னும் வினாவும் எழுகின்றது. ரூத் சுவாற்ஸ் கோவன் என்னும் அமெரிக்க வரலாற்றாசிரியை 1983இல் வெளியிட்ட தமது நூலிலே இதனை ஆராய்ந்துள்ளார். முன்னர் ஆண்டிற்கு ஓரிருமுறை கம்பளங்களை முற்றத்திற்கு எடுத்துச்சென்று தடியால் அடித்துத் தூசி நீக்குவர். அவ்வேலையிலே ஆண்களும் பிள்ளைகளும் பங்குகொண்டனர். இயந்திரம் வந்தபின் ஆண்களும் பிள்ளைகளும் விலகிக்கொண்டனர். வேலை வாரந்தோறும் வந்தது. இல்லத்தரசி தனியே செய்தாள். உழைப்பின் கடுமை குறைந்தது, நேரம் குறையவில்லை. கருவி மட்டும் வந்தாற் போதாது. வேலையைப் பகிரும் மனமும் வரவேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

நேயர்களே, இறுதியாக என்னைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். ஊர் திரும்பிப் பாடசாலை தொடங்கிய முதல் நாள், வழக்கம்போல நேரத்தோடு சென்றேன். வகுப்பறைகளைக் கூட்டும் அம்மையார் தும்புத்தடியுடன் நின்றார். காலை வெயில் யன்னல் வழியாக விழுந்தது. அக்கொட்டகையிலே கண்ட அதே நுண்தூசி, சுண்ணக்கட்டித் துகளும் மண்ணும் கலந்து, அவருடைய முகத்தைச் சுற்றி மிதந்தது. அவர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினார். அவ்விருமலை நான் பல ஆண்டுகளாகக் கேட்டு வந்திருக்கின்றேன். அவருடைய வரவை நாள்தோறும் பதிவேட்டிலே உறுதிசெய்தவனும் நானே. இந்த இருமல் எப்போது தொடங்கியது என்று ஒருநாளாவது நான் கேட்டதில்லை. அன்று கேட்டேன். "அது கனகாலம் ஐயா, தூசிக்குள்ளே நிற்கிற வேலைதானே" என்று அவர் சாதாரணமாகச் சொன்னார்.

எமது பாடசாலைக்குத் தூசுறிஞ்சி வாங்கப் பணமில்லை. ஆனால் பணமின்றிச் செய்யக்கூடியவை இருந்தன. கூட்டுமுன் தரையிலே நீர் தெளிக்கச் செய்தோம். சீமெந்துத் தரைகளை ஈரத்துணியால் துடைக்கும் வழக்கத்தைக் கொணர்ந்தோம். கரும்பலகையை உலர்ந்த துணியால் அடித்துத் துடைப்பதை நிறுத்தினோம். நாற்காலி மேசைகளை நகர்த்தும் வேலையை மாணவர் முறைவைத்து ஏற்றனர். அம்மையாரை வைத்தியசாலைக்கு அனுப்பி நெஞ்சு நோய்க்கான மருந்தும் பெறச் செய்தோம். இவற்றையெல்லாம் இருபது ஆண்டுகளுக்கு முன்னரே செய்திருக்கலாம். செய்யாதது என் குற்றம்.

உங்கள் வீட்டு மூலையிலும் கரி நிரப்பும் பழைய அயன்பெட்டியோ, தேய்ந்த அம்மியோ, துருப்பிடித்த தையல் இயந்திரமோ கிடக்கலாம். அதனை விற்பதா எறிவதா என்று எண்ணுமுன், அதைப் பயன்படுத்தியவர் யார், எத்தனை ஆண்டுகள் பயன்படுத்தினார் என்று வீட்டிலுள்ள முதியவரைக் கேட்டு ஒரு தாளிலே எழுதி அதிலே கட்டிவையுங்கள். உங்கள் வீட்டையோ அலுவலகத்தையோ நாள்தோறும் கூட்டுபவர் ஒருவர் இருப்பாராயின், அவர் நலமாக மூச்சுவிடுகின்றாரா என்பதையும் கேட்டுப்பாருங்கள்.